ஊட்டுக்குள்ள டவர்

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் யாரும் சிம்மைக் கம்பெனிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த சிம் எந்த இடத்தில் டவர் பிடிக்கிறதோ அந்த இடத்தின் பெயர்தான் அதற்கு. பலாமரத்து சிம், தண்ணித்தொட்டி சிம், பஸ் ஸ்டாப்பு சிம். சிக்னல் என்ற சொல் இங்கே செல்லாது, டவர்தான். கம்பி கட்டி நிற்கிற நிஜமான டவரை எங்களில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை. ஆனால் "டவர் வந்துருச்சு", "டவர் போயிருச்சு" என்று, அது ஏதோ ஒழுங்கில்லாத மாப்பிள்ளை மாதிரி, நாள் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

நாகலூர் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் எங்கள் லைன் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. நாலு பக்கமும் மேடு, மேட்டில் சில்வர் ஓக், சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி. வெயிலே எங்களைத் தேடிப் பிடித்து வருவதற்குள் காலை டீ முடிந்துவிடும். டவர் எங்கே வரும்?

எங்கள் வீடு பலாமரம். சாயங்காலம் வேலை விட்டதும் பலாமரத்து சிம்காரர்கள் எல்லாரும் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். ஒரு வேருக்கு ஒரு ஆள். அந்த வேரில் நின்றால்தான் பேச்சு வரும், இந்தப் பக்கம் நகர்ந்தால் அறுந்துவிடும். மாடு கட்டின மாதிரி நின்ற இடத்திலேயே நின்று பேசுவார்கள். நான் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து ஒவ்வொருவருக்கும் ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு நடுவில் நடப்பேன். நாகலூருக்கும் ஏற்காட்டுக்கும் ஆள் ஏற்றி இறக்குவதுதான் என் வேலை. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேசி வைத்துக்கொண்டு பிரிந்துவிட்டோம். வாய் மட்டும் பட்டம் வாங்கியிருக்கிறது என்று அம்மா சொல்வார்.

வீட்டில் இருந்தது ஒரு பட்டன் போன். காப்பிப்பழம் கழுவும் தொட்டியில் ஒருதரம் விழுந்து எழுந்ததிலிருந்து அதைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கர் மட்டும் வேலை செய்யும். அதுவும் கோயில் மைக் மாதிரி. அந்த போனில்தான் அம்மா திருப்பூரில் இருக்கும் என் அக்காவோடு பேசுவார், மரத்தடியில், ஊரே கேட்க.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியிருந்தது. இப்போது வயிற்றில் பிள்ளை. மாப்பிள்ளை பனியன் கம்பெனியில் தையல். அந்தச் சம்பந்தம் எங்கள் லைன் வழியாகவே வந்தது. மாப்பிள்ளையின் சின்னம்மா எங்கள் வீட்டுக்கு மூன்று கதவு தள்ளிக் குடியிருக்கிறார். எனக்கு அத்தை முறை. அத்தை தண்ணித்தொட்டி சிம். ஆனால் அம்மா போனை எடுத்தால் அத்தையும் பலாமரத்தடியில்தான் இருப்பார்.

"தண்ணித்தொட்டிக்காரங்களுக்கு இங்க என்னங்க அத்தை வேலை?" என்று கேட்டால், "காத்து வாங்கறேன் கண்ணு" என்பார்.

அத்தை வாங்கிய காற்று அன்றைக்கே திருப்பூர் போய்ச் சேர்ந்துவிடும். அம்மா மரத்தடியில் "புள்ள இளைச்சுப் போச்சோ என்னமோ" என்று ஒருதரம் சொல்லிவிட்டார். மறுநாள் அக்காவின் மாமியார் அக்காவிடம், "உங்கம்மாகிட்ட நாங்க சோறு போடறதில்லைன்னு சொன்னியா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அக்காவின் பேச்சு மாறிப்போனது.

"வாந்தி நின்னுச்சா கண்ணு?"

"நின்னுருச்சும்மா."

"சாப்படறியா?"

"நல்லா சாப்படறேன்."

"தலைப்பிரசவம், இங்க வந்துருவியில்ல?"

கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. டவர் போய்விட்டதோ என்று அம்மா போனைத் தட்டுவார். அப்புறம், "அவங்க என்ன சொல்றாங்களோ அப்படிம்மா."

"பாருங்க சம்பந்தி, எப்படிப்பட்ட புள்ள!" என்பார் அத்தை, தனக்கு வந்த போன் மாதிரி.

அம்மா வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருப்பார். "அது என்ற புள்ள பேசற பேச்சே இல்ல" என்பார். உண்மைதான். அக்கா சின்ன வயதில் ஆட்டுக்குட்டியோடுகூடச் சண்டை போட்டு ஜெயிக்கிறவள். மாமியார் வீட்டில், மலை ரோடு, வளைவு, இங்கே ஆஸ்பத்திரி தூரம், பிரசவத்தைத் திருப்பூரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு எது இஷ்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. வருவதாக இருந்தால் வளைகாப்பு முடிந்ததும் கூட்டி வந்துவிட வேண்டும். வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் கேக்கட்டுமா?" என்றேன்.

"உன்கிட்டச் சொன்னா பஸ் ஸ்டாப்புல சொன்ன மாதிரி" என்றார் அம்மா. "ஏற்காட்டுல நின்னு பேசலாம்னா அவ தனியா இருக்கறது மாமியா கோயிலுக்குப் போற நேரந்தான். அந்நேரத்துக்கு மேல எனக்கு பஸ் ஏது? உன்ற ஜீப்புல வந்தா நீயும் காதெ நீட்டுவே. ஊட்டுக்குள்ள உக்காந்து, கதவெச் சாத்திட்டு, காதுல வெச்சுப் பேசோணும் சாமி. அதுக்கு என்ன போனோ அதெ வாங்கிட்டு வா."

அப்படித்தான் டச் போன் வாங்க ஏற்காடு போனேன். நல்ல போன் வாங்கினால் டவர் தானாக வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். நல்ல நாய் வாங்கினால் திருடன் வரமாட்டான் என்கிற மாதிரி ஒரு கணக்கு.

கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். "இது ஃபைவ் ஜி போனுங்க தம்பி."

"எங்க லைனுக்கு ஒரு ஜி வந்தாலே போதுங்க. ஊட்டுக்குள்ள டவர் எடுக்குமுங்களா?"

"டவர் போனுல இல்லீங்க, நெட்வொர்க்குல இருக்குது. இப்ப எந்த நெட்வொர்க்கு வெச்சிருக்கீங்க?"

"பலாமரமுங்க."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "புதுசா வந்ததுங்களா?"

"நொம்பப் பழசுங்க. எங்க அப்பன் காலத்து மரம்."

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் முகத்துக்கு அந்த ராசி உண்டு. உண்மை சொன்னாலும் கேலி மாதிரிதான் இருக்கும். பழைய போனைப் பிரித்துக் காட்டினேன். அதற்குள் இருந்த சிம்மை எப்போதோ கத்தரியால் வெட்டியிருந்தார்கள். பெயரில் பாதி கத்தரியோடு போய்விட்டது. கடைக்காரர் மீதிப் பாதியைப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடித்து, இன்னும் கொஞ்சம் சிறிதாக வெட்டிப் புதுப் போனில் போட்டுக் கொடுத்து, பழைய போனைத் தானே எடுத்துக்கொண்டார். பிறகு மூன்று அட்டைகளை என் முன்னால் பரப்பினார்.

"இது ஸ்பீடு. இது ஆஃபரு. இது கவரேஜு."

"கவரேஜுன்னா?"

"எல்லா எடத்துலயும் எடுக்கும்."

"எங்க ஊட்டுக்குள்ளயுமுங்களா?"

"உங்க ஊடு எங்க?"

"பள்ளத்துல."

"அப்ப நீங்கதான் போட்டுப் பாத்து எங்களுக்குச் சொல்லோணும்" என்றார்.

லைனுக்கு வந்து யோசனை கேட்டேன். அதுதான் தப்பு. ஓட்டுக் கேட்டு வந்தவனைப் போல என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தண்ணித்தொட்டிக்கு வந்துருடா. எங்க சிம்முல சினிமாவே ஓடுது."

"பனி எறங்குனா படுத்துக்குமே, அதச் சொன்னியா? பஸ் ஸ்டாப்புதான் கெட்டி."

"மரத்தெ விட்டுட்டா போறே?" என்று பலாமரத்து ஆள் ஒருவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். என் வேரில் நின்று இனி யார் பேசுவார்கள் என்று அவருக்குக் கவலை. மழைக்கு ஒன்று நல்லது, வெயிலுக்கு ஒன்று நல்லது, கிழக்குப் பார்த்து நின்றால் ஒன்று, மேற்குப் பார்த்தால் ஒன்று. கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றி, கடைசியில் சிம் மாற்றப் போகிறேனா வீடு மாற்றப் போகிறேனா என்றே மறந்துபோனது.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. சிம்மைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தால் என்ன? தண்ணி திறந்துவிடும் மாமாவிடம் தண்ணித்தொட்டி சிம்மை வாங்கினேன். வீட்டுக்குள் சாமி படத்தடி, கட்டில் அடி, கூரைத் தகரத்தடி எல்லாம் காட்டினேன். போனைக் கையில் தூக்கிக்கொண்டு நான் சுற்ற, பின்னால் அம்மா சுற்ற, பேய் ஓட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு கோடும் வரவில்லை.

அடுத்து பஸ் ஸ்டாப்பு டீக்கடை அண்ணனிடம் அவர் சிம்மைக் கேட்டேன். "என்ற சிம்மா? பஸ் ஸ்டாப்பு சிம்முதான். ஆறதுக்குள்ள குடுத்துரு" என்று டீ கொடுக்கிற மாதிரியே கொடுத்தார். அடுப்பங்கரையில் ஆட்டுக்கல் மேல் ஏறிப் புகை போகிற சந்துப் பக்கம் போனை நீட்டினேன். ரெண்டு கோடு!

"அம்மா, வந்துருச்சு!"

"புடிச்சுக்கோ! உட்றாதே!" என்று அம்மா கதவைச் சாத்தினார், கோழி பிடிக்கிற மாதிரி.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாப்பு சிம்தான். போனில் மேலே கம்பெனிப் பெயர் இங்கிலீஷில் வந்திருக்கும். நான் பார்த்தது கோடுகளை மட்டும். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் என் கண் தானாக வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். அண்ணனுக்கு சிம்மைத் திருப்பிக் கொடுத்தேன், டீ குடித்தேன், கிளம்பினேன். கம்பெனிப் பெயரைக் கேட்கவில்லை.

பெயர் வேண்டுமே என்று ஞாபகம் வந்தபோது டீக்கடை சாத்தியிருந்தது. நல்ல வேளையாக எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் நிழற்குடைக்குள் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை காத்திருந்து, "ஏனுங்க ரைட்டரு, உங்களுது பஸ் ஸ்டாப்பு சிம்முதானுங்களே, அதுக்கு என்ன கம்பெனிங்க?" என்றேன். சொன்னார். அதை வழியெல்லாம் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே ஜீப்பை ஓட்டினேன்.

கடைக்காரர் அதே நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனியை மாற்றலாம் என்றார். மெசேஜ் அனுப்பச் சொன்னார், மெஷினில் கட்டைவிரல் வைக்கச் சொன்னார், போட்டோ எடுத்தார். போலீஸ் ஸ்டேஷனில்கூட என்னை இத்தனை மரியாதையாகப் பிடித்ததில்லை. சில நாளில் பழைய சிம் செத்தது. புது சிம்முக்கு உயிர் வந்தது. நான் வீட்டுக்கு ஓடி ஆட்டுக்கல் மேல் ஏறினேன்.

ஒன்றும் இல்லை.

சந்துக்குள் கையை விட்டேன். கூரை மேல் ஏறினேன். பலாமரத்தடிக்கு ஓடினேன். அங்கேயும் இல்லை. எங்கள் பழைய வேரில் வேறொருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் பஸ் ஸ்டாப்பு நிழற்குடைக்குள் போனதும் கோடு நாலும் ஜம்மென்று வந்து நின்றது.

டீக்கடை அண்ணனிடம் போனை நீட்டினேன். "ஏனுங்கண்ணா, உங்க சிம் ஊட்டுல எடுத்துச்சு. அதேதான் இது. இது எடுக்க மாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தார். "என்ற கம்பெனி இது இல்லியேடா."

"பஸ் ஸ்டாப்பு சிம்முதானுங்களே?"

"பஸ் ஸ்டாப்புதான். யாரு சொன்னா இந்தக் கம்பெனின்னு?"

"ரைட்டரு."

அண்ணன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ரைட்டருக்கு நிழற்குடைக்கு உள்ள எடுக்கும். எனக்கு வெளிய, அடுப்புக்கிட்டதான் எடுக்கும். ரெண்டும் பஸ் ஸ்டாப்பு, ரெண்டும் வேற கம்பெனிடா!"

ஒரு இடத்துக்கு இரண்டு கம்பெனியின் டவர் வரும் என்று எங்கள் லைனில் யாருக்கும் தோன்றியதே இல்லை. ஒரு வீட்டில் ரெண்டு பிள்ளைக்கு ஒரே பேர் வைப்போமா?

மறுபடி ஏற்காடு. "திருப்பி மாத்திக் குடுங்க."

"தொண்ணூறு நாள் ஆவோணுங்க தம்பி. அதுக்கு முன்னால ஆவாது."

வந்து அம்மாவிடம் சொன்னேன். "அதுக்குள்ள உன்ற அக்கா புள்ள பொறந்து உனக்கே பேர் வெச்சுரும்" என்றார். திட்டவில்லை. அதுதான் எனக்கு என்னமோ செய்தது. சாயங்காலமானால் மேடேறி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். புதுப் போன் காதில் கேட்கும், ஸ்பீக்கர் வேண்டாம். ஆனால் அம்மா பேசுவது கேட்குமே. இரண்டாம் நாள் பார்த்தால் நிழற்குடை பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருக்கிறார்.

"அத்தை, அத்தனை மேடு ஏறி வந்தீங்களா?"

"இங்கதான் காத்து நல்லா வருது கண்ணு."

அன்று வீட்டுக்கு வந்ததும் கோபத்தில், சிம்மைப் பிடுங்கிவிடுவது என்று போனின் ஓரத்தில் ஊசியைக் குத்தி சிம் தட்டை வெளியே இழுத்தேன். அம்மா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, ரெண்டு குழி இருக்குது?"

"ஒண்ணுல சிம்மு இருக்குது."

"இன்னொரு குழி?"

"அது சும்மா."

"சும்மாவா?" என்றார் அம்மா. எஸ்டேட்டில் காப்பி நாற்று வைக்கக் குழி எடுத்துவிட்டு ஒரு குழியை வெறுமே விட்டால் ரைட்டர் அன்றைக்கு வேலை செய்த எல்லாரையும் சேர்த்துத் திட்டுவார். அம்மாவுக்கு வெறும் குழியைப் பார்த்தால் பொறுக்காது. "குழி எடுத்து வெச்சிருக்கறான், நாத்து வெக்காம உட்டிருக்கறயே! டீக்கடைக்காரரு கம்பெனியெ வாங்கியாந்து இதுல நடுடா."

இத்தனை பேரிடம் யோசனை கேட்டேனே, கட்டைவிரல் வைத்தேனே, கடைக்காரர்கூட அதைச் சொல்லவில்லையே. நான் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் ஜீப்பில் போகும்போதே டீக்கடை அண்ணனின் கம்பெனிப் பெயரைக் கேட்டு, நம்பிக்கை இல்லாமல் அவர் போனையும் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். புது சிம், புது நம்பர். சிம் வேலை செய்ய ஆரம்பித்ததும் அக்காவுக்கு மட்டும் அந்த நம்பரைச் சொன்னேன். "மாமியா கோயிலுக்குப் போனதும் இதுல கூப்புடு. அம்மா ஊட்டுக்குள்ள இருப்பாங்க."

"ஊட்டுக்குள்ளயா?" என்றாள் அக்கா. அவளும் பலாமரத்தடியில் வளர்ந்தவள்தானே.

அந்தச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்குள் முதல்முறையாக போன் அடித்தது. அம்மா ஆட்டுக்கல் மேல் ஏறி, சந்துப் பக்கம் தலையைச் சாய்த்து, "கண்ணூ! நல்லா இருக்கியா?" என்று மரத்தடியில் கத்துகிற அதே கத்தலைக் கத்தினார்.

"மெதுவாம்மா! லைனே கேக்குது" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். கையை ஆட்டினார். எனக்குப் புரியவில்லை. இன்னொருதரம் ஆட்டினார். வெளியே போ என்கிறார். போன் வாங்கினவன் நான், சிம் நட்டவன் நான், கூரை ஏறினவன் நான். வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது.

அத்தை பஸ் ஸ்டாப்பில் காற்று வாங்கிவிட்டு ஏமாந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். "என்ன கண்ணு, அம்மாவெக் காணோம்? கதவு சாத்திக் கெடக்குது?"

"குளிக்கறாங்க அத்தை."

"பேசற சத்தம் கேக்குது?"

"தண்ணி சில்லுனு இருக்குதுங்க. திட்டிக்கிட்டே ஊத்திக்கறாங்க."

காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்படி ஒரு குரல் அவரிடம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. சாத்திய கதவுக்கு வெளியே நின்றபோது, அக்காவை அங்கே அடிக்கிறார்களோ, பட்டினி போடுகிறார்களோ என்று எனக்கு என்னென்னமோ தோன்றியது. கேலி ஒன்றும் வாயில் வரவில்லை.

கதவு திறந்தது. அம்மாவின் கண் ஈரமாக இருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டில் எதை நம்புவது?

"வர்றாளாம்மா?"

"வரலியாம்."

"உடமாட்டேங்கறாங்களா?"

"அவளுக்கே இஷ்டமில்லயாம்டா. இந்த வளைவுல வயித்தெ வெச்சுட்டு வர பயமா இருக்குதாம். அங்க ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்குதாம். மாமியா நல்லாத்தான் பாத்துக்கறாளாம்." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஆனா நான் கூட இருக்கோணுமாம். என்னைய அங்க வரச் சொல்றா."

"இவ்வளவுதானா? இதெ மரத்தடியிலேயே சொல்லியிருக்கலாமே!"

"எப்படிடா சொல்லுவா? சொன்னா, மாமியா பத்தாதுன்னு அம்மாவெக் கூப்புடறான்னு உங்கத்தெ அங்க சொல்லியிருவாளே."

அம்மா அத்தைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தி ஊட்டுக்குக் கமலா ஆரஞ்சும் காப்பித்தூளும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிக் கிளம்பினார். போனவர் ஒரு நாள் இருந்தார், இன்னொரு நாள் இருந்தார், அப்புறம் வளைகாப்புக்கு இருந்தார், இப்போதும் இருக்கிறார். மாமியாரும் அம்மாவும் சேர்ந்து என்னைத் திட்டுகிற அளவுக்கு நெருங்கிவிட்டார்களாம்.

போகும்போது போனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "இதுல ரெண்டு சிம்மு இருக்குதில்ல, எதாச்சும் ஒண்ணு அங்க எடுக்கும்."

"எனக்கு?"

"உனக்கு ஊட்டுக்குள்ள டவர் இருக்குதே."

ஆமாம். எங்கள் வீட்டுக்குள் இப்போது டவர் இருக்கிறது. போன்தான் இல்லை.

அதனால் சாயங்காலமானால் நான் மேடேறி, டீக்கடை அண்ணனின் போனை வாங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் அவர் காட்டுகிற இடத்தில் அசையாமல் நின்று அம்மாவைக் கூப்பிடுகிறேன். பெஞ்சில் அத்தை. ரைட்டர் நிழற்குடைக்குள். பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம். ஸ்பீக்கர் போடுவதில்லை. அம்மாவின் குரலுக்கு அது தேவையில்லை.

"சாமீ! இங்க ஊடு பூரா டவர்டா! கக்கூசுக்குள்ளகூட நாலு கோடு! நீ சோறு வெச்சியா?"

மூன்று நாளாக பன்னும் டீயும்தான். அத்தை என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வெச்சேம்மா."

"நல்லா சாப்படறியா?"

"நல்லா சாப்படறேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. டவர் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன்.

"நீ பேசற பேச்சே இல்லியேடா இது" என்றார் அம்மா. "பக்கத்துல யாரு?"

"காத்து வாங்கறவங்கம்மா" என்றேன்.